கனடாவின் தாராளக் கட்சியும் தடையிலா வாணிகமும்: 1911, 1988

1. முன்னுரை

சுங்கம் தமிழர்க்குப் புதிய பொருள் அன்று. அரசனுக்கு உரிய பொருள்களை எண்ணுமிடத்து வள்ளுவர் உல்கு பொருளையும் ஒன்றாக வைத்தார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்ட செய்தியைப் பட்டினப்பாலையில் காண்கிறோம். முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். ஆயின் அக்காலத்தே சுங்கம் கொள்வதும் தவிர்ப்பதும் அரசன் ஆணையின்பாற் பட்டவை. மக்களாட்சியில் இவை வாக்காளர்முன் வைக்கப்படும் வினாக்கள் ஆகின்றன. அவ்வினாவிற்கு விடை கூறும் பொறுப்பு அரசியற் கட்சிகளைச் சார்கின்றது. ஒரே கட்சி ஒரு காலத்து ஒரு விடையும் பிறிதொரு காலத்து அதற்கு மாறான விடையும் கூறுமாயின், வரலாற்று மாணவன் அதனை எங்ஙனம் கொள்வது? கொள்கை துறந்தது எனக் கொள்வதா? காலத்திற்கேற்பக் கொள்கையைக் காத்தது எனக் கொள்வதா?

இவ்வினாவை ஆராய்வதற்குக் கனடா நாட்டு வரலாறு மிகவும் ஏற்றது. அந்நாட்டின் லிபரல் கட்சி, அஃதாவது தாராளக் கட்சி, 1911-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளோடு வாணிக உடன்படிக்கை வேண்டும் என்று தேர்தலில் நின்று தோற்றது. அதே கட்சி 1988-இல் அத்தகைய உடன்படிக்கை கூடாது என்று தேர்தலில் நின்று தோற்றது. அதன் எதிர்க்கட்சியாகிய பழமைக் கட்சியோ இரு தேர்தல்களிலும் எதிர்ப்பக்கத்தில் நின்று இரண்டிலும் வென்றது. 77 ஆண்டுகளில் இரு கட்சிகளும் இடம் மாறி நின்றதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தொடக்கம்: 1854 முதல் 1897 வரை

கனடா இன்னும் தனித்தனிக் குடியேற்றங்களாக இருந்த 1854-இல், பிரிட்டன் அக்குடியேற்றங்களின் சார்பில் ஐக்கிய நாடுகளோடு ஓர் உடன்படிக்கை செய்தது. தானியம், மரம், மீன் முதலிய இயற்கை விளைபொருள்கள் இருபுறமும் வரியின்றிச் செல்ல அது வழிசெய்தது. ஒரு நாடு தரும் சலுகைக்கு ஈடாக மற்றொரு நாடும் சலுகை தரும் இம்முறையைப் பரிமாற்றச் சலுகை என ஈண்டுக் குறிப்போம். உள்நாட்டுப் போரின் கசப்பும் காப்புவரி நாட்டமும் மேலோங்க, 1866-இல் அமெரிக்கர் அதனை முடிவுக்குக் கொண்டுவந்தனர். அடுத்த ஆண்டே, 1867 ஜூலை 1-இல், கனடாக் கூட்டாட்சி பிறந்தது.

இழந்த சலுகையை மீட்பதே தொடக்கத்தில் இரு கட்சியினர்க்கும் விருப்பமாக இருந்தது. 1874-இல் தாராளக் கட்சி அரசின் சார்பில் ஜார்ஜ் பிரௌன் வாஷிங்டன் சென்று ஒரு வரைவு உடன்படிக்கை செய்தார். அமெரிக்க மேலவை அதனை ஏற்கவில்லை. இந்நிலையில் பழமைக் கட்சித் தலைவர் ஜான் மக்டானல்ட் வேறு வழி கண்டார். அயல்நாட்டுச் செய்பொருள்மீது உயர்ந்த வரி விதித்து உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பதும், கிழக்கையும் மேற்கையும் இருப்புப் பாதையால் பிணைப்பதும் அவர் வழியாகும். தேசியக் கொள்கை எனப் பெயர் பெற்ற இது 1878 தேர்தலில் வென்று 1879-இல் சட்டமாயிற்று.

இதற்கு மறுதலையாகத் தாராளக் கட்சி 1888-இல் தடையற்ற பரிமாற்றச் சலுகை என்னும் கொள்கையை மேற்கொண்டது. 1891 தேர்தலில் வில்ஃபிரிட் லோரியே தலைமையில் அக்கட்சி இக்கொள்கையை மக்கள்முன் வைத்தது. மூப்பும் நோயும் வருத்திய நிலையிலும் மக்டானல்ட், தாம் பிரிட்டிஷ் குடிமகனாகப் பிறந்தவர், அவ்வாறே இறப்பார் என்று முழங்கி வெற்றி பெற்றார். சில திங்களில் மறைந்தார். இத்தேர்தலில் நம் கருத்தைக் கவர்வது மற்றொரு செய்தி. தாராளக் கட்சியின் முன்னாள் தலைவர் எட்வர்டு பிளேக், தேர்தலுக்கு மறுநாள் ஒரு கடிதத்தை வெளியிட்டார். எல்லையற்ற வாணிக இணைப்பு நாளடைவில் அரசியல் இணைப்பில் கொண்டுவிடும் என்பது அதன் சாரம். 1911-இல் பழமைக் கட்சியும், 1988-இல் தாராளக் கட்சியும் எடுத்தாண்ட வாதம் இதுவே. அவ்வாதம் முதன்முதலில் ஆற்றலோடு ஒலித்த இடங்களுள் ஒன்று தாராளக் கட்சியின் அகமே என்பது நினைவில் வைக்கத்தக்கது.

தோல்வியால் பாடம் கற்ற அக்கட்சி 1893-இல் ஒட்டாவா மாநாட்டில் தன் நிலையைத் தணித்துக்கொண்டது. 1896-இல் ஆட்சிக்கு வந்ததும் காப்புவரியைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, 1897-இல் பிரிட்டிஷ் பண்டங்களுக்கு மட்டும் வரிக்குறைப்புச் செய்தது.

3. 1911: உடன்படிக்கைக்காகத் தோற்றமை

மேற்குச் சமவெளிகளில் குடியேறிய உழவர்களே இவ்வினாவிற்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். அவர்கள் விளைத்த கோதுமையை உலகச் சந்தையின் விலைக்கு விற்றனர். ஆனால் ஏர்க்கருவிகளையும் துணியையும் காப்புவரியால் உயர்ந்த விலைக்கு வாங்கினர். 1910 கோடையில் லோரியே மேற்குப் பகுதியில் சுற்றுப்பயணம் செய்தபோது ஊர்தோறும் இக்குறையைக் கேட்டார். அவ்வாண்டு டிசம்பரில் நூற்றுக்கணக்கான உழவர் ஒட்டாவா நகரில் திரண்டு நாடாளுமன்றத்திலேயே தம் கோரிக்கையை வைத்தனர். அதே வேளையில், 1909-இன் வரிச்சட்டத்தால் உள்நாட்டில் எதிர்ப்புக்கு ஆளாகியிருந்த அமெரிக்கத் தலைவர் டாஃப்ட் தாமே பேச்சுக்கு முன்வந்தார்.

1911 ஜனவரி 26-இல் நிதியமைச்சர் ஃபீல்டிங், முடிந்த உடன்பாட்டை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இயற்கை விளைபொருள்கள் பெரும்பாலும் வரியின்றிச் செல்லும். சில செய்பொருள்களின் வரி குறையும். நாற்பது ஆண்டுகளாகக் கனடா கேட்டு வந்ததை அமெரிக்கா வலிய வந்து கொடுத்தது போன்று இருந்தமையின், முதலில் எதிர்க்கட்சியினரே திகைத்தனர் என்பர்.

திகைப்பு நீடிக்கவில்லை. பிப்ரவரியில் டொரண்டோ நகரத்துத் தாராளக் கட்சி வணிகப் பெருமக்கள் பதினெண்மர் உடன்பாட்டை எதிர்த்து அறிக்கை விட்டனர். முன்னாள் அமைச்சர் கிளிஃபர்டு சிஃப்டன் கட்சியின் நிலையிலிருந்து விலகி எதிர்த்தார். எல்லைக்கு அப்பால், பின்னர்க் கீழவைத் தலைவரான சாம்ப் கிளார்க், வடமுனை வரை அமெரிக்கக் கொடி பறக்கும் நாளைக் காண விழைவதாகப் பேசினார். அப்பேச்சு, கனடாவில் உடன்பாட்டின் பகைவர் கையில் கிடைத்த கூரிய படைக்கலம் ஆயிற்று. பழமைக் கட்சித் தலைவர் இராபர்ட் போர்டன் நாடாளுமன்றத்தில் விவாதத்தை நீட்டித்துத் தடை செய்ய, லோரியே ஜூலையில் அவையைக் கலைத்தார். தேர்தற் காலத்தில் கிப்ளிங் என்னும் ஆங்கிலப் புலவரும், கனடா தன் உயிரையே பணயம் வைக்கின்றது என எச்சரிக்கும் செய்தி விடுத்தார்.

1911 செப்டம்பர் 21-இல் நடந்த தேர்தலில் 221 இடங்களுள் தாராளக் கட்சி 85 அளவிலேயே பெற்றது. தொழில் மிக்க ஒன்டாரியோ மாநிலத்தின் 86 இடங்களுள் அதற்குக் கிடைத்தவை 13. உழவர் மிக்க சஸ்காச்சுவனும் ஆல்பர்ட்டாவும் அக்கட்சியையே பெரிதும் ஆதரித்தன. கியூபெக்கில் ஆன்றி பூராசாவின் தேசியவாதிகள் லோரியேயை எதிர்த்தனர். ஆனால் அவர்தம் சினத்திற்குக் காரணம் வாணிகம் அன்று, கடற்படைச் சட்டம். ஆதலின் 1911-இன் முடிவை வாணிக வினாவிற்கு மட்டும் கிடைத்த விடையாகக் கொள்ளுதல் முழுதும் பொருந்தாது.

4. இடைப்பட்ட காலம்

1911-இல் தம் தொகுதியை இழந்தோருள் ஒருவர், இளம் அமைச்சராயிருந்த மெக்கென்சி கிங். பின்னாளில் நீண்டகாலம் தலைமையமைச்சராக இருந்த அவர் அத்தோல்வியை மறந்தாரல்லர். 1935-இலும் 1938-இலும் ஐக்கிய நாடுகளோடு வரிக்குறைப்பு உடன்பாடுகள் செய்தார். ஆனால் அவை அளவுடையன. 1947-48-இல் இரு நாட்டு அலுவலர்கள் மறைவாகப் பேசி ஒரு விரிந்த தடையிலா வாணிகத் திட்டத்தை வகுத்தபோது, முதலில் இசைந்த கிங் இறுதியில் பின்வாங்கினார். தம் அரசியல் வாழ்வின் முடிவில், பிரிட்டனைக் கைவிட்டு அமெரிக்காவிடம் நாட்டை ஒப்படைத்தவர் என்னும் பழிக்கு அவர் ஆளாக விரும்பவில்லை.

இதனிடையே அடிப்படை நிலைமைகள் மாறின. 1931-இன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தால் கனடா சட்டம் இயற்றுவதில் தன்னுரிமை பெற்றது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டன் வலிமை குன்றியது. 1973 ஜனவரி 1-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. பழமைக் கட்சித் தலைமையமைச்சர் டீஃபன்பேக்கர் 1957-இல், கனடாவின் இறக்குமதியில் 15 விழுக்காட்டை அமெரிக்காவிடமிருந்து பிரிட்டனுக்குத் திருப்ப விரும்பினார், அது நிறைவேறவில்லை. பழமைக் கட்சியின் பழைய பற்றுக்கோடு கையை விட்டு நழுவியதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

தாராளக் கட்சியிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1963-இல் நிதியமைச்சரான வால்டர் கார்டன், நாட்டுத் தொழில்கள் அமெரிக்க முதலாளிகள் வசமாவதைத் தடுக்க முனைந்தார். அதே அரசுதான் 1965-இல் அமெரிக்காவோடு மோட்டார் வண்டித் தொழில் உடன்படிக்கையையும் செய்தது. ஒரே கட்சியில் இரு போக்குகள் அருகருகே வாழ்ந்தன என்பதற்கு இதுவே சான்று. பியேர் ட்ரூடோ காலத்தில் முதற்போக்கு மேலோங்கியது. அமெரிக்கச் சார்பைக் குறைக்கும் மூன்றாம் வழி 1972-இலும், அயல்நாட்டு முதலீட்டை ஆய்ந்து இசைவளிக்கும் சட்டம் 1973-இலும், தேசிய எரிபொருள் திட்டம் 1980-இலும் வந்தன. இறுதித் திட்டத்தால் எண்ணெய் வளம் மிக்க ஆல்பர்ட்டா கட்சியின்மீது தீராத சினம் கொண்டது. ஒருகாலத்தில் தாராளக் கட்சியின் கோட்டையாயிருந்த மேற்கு இவ்வாறு அதன் கையை விட்டு முற்றும் அகன்றது.

5. 1988: உடன்படிக்கையை எதிர்த்துத் தோற்றமை

1982-இல் ட்ரூடோ அரசு நாட்டின் பொருளாதார எதிர்காலத்தை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் டொனால்டு மக்டானல்ட், தாராளக் கட்சியின் முன்னாள் நிதியமைச்சர். 1985 செப்டம்பரில் அக்குழு, அமெரிக்காவோடு தடையிலா வாணிகம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதற்குள் ஆட்சி மாறிப் பழமைக் கட்சியின் பிரையன் மல்ரோனி தலைமையமைச்சர் ஆகியிருந்தார். 1983-இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது இவ்வெண்ணத்தை மறுத்த அவரே, இப்பொழுது அப்பரிந்துரையைத் தம் கொள்கையாக்கினார். தேசியக் கொள்கையை வகுத்த மக்டானல்டின் கட்சி, மற்றொரு மக்டானல்டின் சொற்கேட்டு அக்கொள்கையைத் துறந்தது.

1987 அக்டோபரில் பேச்சு முடிந்தது. 1988 ஜனவரி 2-இல் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. பத்தாண்டுகளில் வரிகள் அனைத்தும் நீங்கும். வழக்குகளைத் தீர்க்க இருநாட்டு உறுப்பினர் கொண்ட குழுக்கள் அமையும். எரிபொருள் ஏற்றுமதியைக் குறைக்க நேரின் உள்நாட்டுப் பங்கிற்கும் ஏற்றுமதிப் பங்கிற்கும் உள்ள விகிதம் மாறாமல் காக்கப்படும். முதலீடும் பணித்துறைகளும் விதிகளுக்கு உட்படும். பண்பாட்டுத் தொழில்களுக்கு விலக்கு உண்டு.

தாராளக் கட்சித் தலைவர் ஜான் டர்னர், தம் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்த செனட் என்னும் மேலவையில் இம்மசோதாவை நிறுத்திவைக்குமாறு ஜூலையில் பணித்தார். மக்கள் தீர்ப்புக் கூறட்டும் என்பது அவர் வாதம். அக்டோபர் 25-இல் நடந்த ஆங்கிலத் தொலைக்காட்சி வாதத்தில், 120 ஆண்டுகளாகக் கிழக்கு மேற்காகக் கட்டிய நாட்டை மல்ரோனி ஒரு கையொப்பத்தால் வடக்கு தெற்காகத் திருப்பிவிட்டார் எனக் குற்றஞ்சாட்டினார். 1911-இல் போர்டன் பக்கத்தார் கூறிய கருத்தே இப்பொழுது லோரியேயின் வழித்தோன்றல் வாயிலிருந்து வந்தது. கட்சியின் தொலைக்காட்சி விளம்பரமொன்றில், அமெரிக்கப் பேச்சாளர் வரைபடத்திலிருந்து எல்லைக்கோட்டை அழிப்பதாகக் காட்டினர்.

எனினும் கட்சி ஒருமுகமாக இருந்திலது. ஒன்டாரியோவின் தாராளக் கட்சி முதல்வர் டேவிட் பீட்டர்சன் உடன்படிக்கையை எதிர்த்தார். கியூபெக்கின் தாராளக் கட்சி முதல்வர் இராபர்ட் பூராசா ஆதரித்தார். நவம்பர் 21-இல் நடந்த தேர்தலில் மல்ரோனி 295 இடங்களுள் 169 பெற்றார். தாராளக் கட்சி 83, புதிய ஜனநாயகக் கட்சி 43. வாக்கு விழுக்காட்டை நோக்கின், வென்ற கட்சிக்கு 43. உடன்படிக்கையை எதிர்த்த இரு கட்சிகளுக்கும் சேர்த்து 52. வாக்காளருள் பெரும்பாலோர் எதிர்த்த கட்சிகளுக்கே வாக்களித்தனர். ஆயினும் எதிர்ப்பு இரு கூறாகப் பிரிந்தமையால் உடன்படிக்கை வென்றது. தீர்ப்பை ஏற்று மேலவை வழிவிட, 1989 ஜனவரி 1-இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

6. 1993-உம் அதன் பின்னும்

மெக்சிக்கோவையும் சேர்த்த வட அமெரிக்க உடன்படிக்கை 1992 டிசம்பரில் கையொப்பமாயிற்று. ஷான் கிரெத்தியென் தலைமையில் 1993 தேர்தலைச் சந்தித்த தாராளக் கட்சி, தன் அறிக்கையில் மானியம், குறைவிலைக் குவிப்பு, வழக்குத் தீர்வு, எரிபொருள் ஆகியவற்றில் திருத்தம் கேட்டு மீண்டும் பேசுவதாக வாக்களித்தது. அக்டோபர் 25-இல் அது 177 இடங்கள் பெற்றது. பழமைக் கட்சி 2 இடங்களாகச் சுருங்கிற்று. ஆயின் உடன்படிக்கையின் உடல் மாறவில்லை. தொழிலாளர், சுற்றுச்சூழல் பற்றிய துணை உடன்பாடுகள் முன்னரே பேசி முடிக்கப்பட்டவை. மெக்சிக்கோவிற்குக் கிடைத்த எரிபொருள் விலக்கு கனடாவிற்குக் கிடைக்கவில்லை. 1994 ஜனவரி 1-இல் உடன்படிக்கை தொடங்கியது. பின்னர் அக்கட்சி அரசே சிலி, இஸ்ரேல் நாடுகளோடும் தடையிலா வாணிகம் ஏற்படுத்திக் கொண்டது.

7. மூன்று விளக்கங்கள்

இம்மாற்றங்களுக்கு மூவகை விளக்கம் கூறலாம்.

முதலாவது, பதவி வேட்கை. ஆளுங்கால் ஆதரிப்பதும் ஆளாக்கால் எதிர்ப்பதும் கட்சிகளின் இயல்பு என்பர். 1988-ஐயும் 1993-ஐயும் மட்டும் நோக்கின் இது பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் 1891-இல் எதிர்க்கட்சியாக இருந்தே தாராளக் கட்சி பரிமாற்றச் சலுகையை வேண்டிற்று. 1911-இல் பதவியில் இருந்தே அதன்பொருட்டுப் பதவி இழந்தது. ஆதலின் இவ்விளக்கம் முழுதும் நிரம்பாது.

இரண்டாவது, ஆதரவாளர் மாற்றம். 1911-இல் அக்கட்சியின் வலிமையில் ஒரு கூறு மேற்கு உழவர்பால் இருந்தது. 1988-இலோ ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன் இரண்டிலும் அதற்கு ஓரிடமும் இல்லை. ஒன்டாரியோவின் 99 இடங்களுள் 43-உம், அட்லாண்டிக் கரை மாநிலங்களின் 32 இடங்களுள் 20-உம் கிடைத்தன. எவர் வாக்கை நம்பியிருந்ததோ அவர் நலனைக் கட்சி பேசிற்று. இவ்விளக்கம் வலுவுடையது. எனினும் அந்நலன் பொருள் இழப்பின் மொழியில் பேசப்படாது, நாட்டின் தன்னுரிமை என்னும் மொழியில் பேசப்பட்டது ஏன் என்பதை இது விளக்கவில்லை.

மூன்றாவது, யான் ஏற்புடையதாகக் கருதுவது: இரு காலத்தும் பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. 1911-இன் உடன்பாடு முறைப்படியான உடன்படிக்கையே அன்று. இரு சட்டமன்றங்களும் தனித்தனியே சட்டம் இயற்றி நிறைவேற்ற வேண்டிய ஏற்பாடு. விரும்பியபொழுது எவரும் தம் சட்டத்தை நீக்கலாம். அயலுறவில் லண்டனின் மேற்பார்வைக்கு உட்பட்டிருந்த அக்காலத்தில், கனடா அமைச்சரே வாஷிங்டனோடு நேரிற் பேசியது தன்னுரிமையை நோக்கிய ஒரு படியாகவும் விளங்கிற்று. அன்றியும் ஒருபுறம் அமெரிக்கா இழுப்பின் மறுபுறம் பிரிட்டன் தாங்கும் என்னும் எதிர்ச்சுமை இருந்தது. லோரியே துணிந்தமைக்கும், அவர் பகைவர் பிரிட்டிஷ் பற்றை எழுப்பி வென்றமைக்கும் அவ்வெதிர்ச்சுமையே காரணம்.

1988-இல் அது இல்லை. கனடாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஒரே நாட்டிற்குச் சென்றது. உடன்படிக்கையோ வரியளவில் நில்லாது, முதலீடு, எரிபொருள், வழக்குத் தீர்வு என்று அரசின் கொள்கைக்குள்ளேயே நுழைந்தது. ஆறு திங்கள் முன்னறிவிப்புத் தந்து விலகலாம் என்னும் விதி இருப்பினும், தொழில்கள் அதனைச் சார்ந்து அமைந்தபின் விலகுதல் எளிதன்று. ஆகவே டர்னர் எதிர்த்தது லோரியே ஆதரித்த பொருளை அன்று என்க.

ஆயின் இவ்விளக்கத்தைக் கேடயமாக்கி அக்கட்சியை முழுதும் காத்தல் இயலாது. 1993-இல் ஏற்றது 1988-இல் எதிர்த்ததைக் காட்டிலும் விரிந்தது. எதிர்ச்சுமையும் புதிதாகத் தோன்றிவிடவில்லை. திருத்துவோம் என்று வாக்குப் பெற்றுச் சிறிதே திருத்தி ஏற்றமை, வாக்காளர்க்கும் கட்சிக்கும் உள்ள உறவில் ஒரு குறையே. 1911-இல் கட்சி தன் கருத்தை மக்கள்முன் வைத்துத் தோற்றது, 1988-இலும் அவ்வாறே. வென்ற 1993-இல்தான் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே பிளவு மிகுதி.

8. முடிவுரை

இவ்வரலாற்றின் பிற்பகுதி ஒரு வியப்பைத் தருகின்றது. 2018-இல் திருத்தப்பெற்று 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய உடன்படிக்கையில், 1988-இல் டர்னர் கட்சியினர் வெறுத்த எரிபொருள் விகித விதி நீங்கியது. அவர்கள் ஐயுற்ற இருநாட்டு வழக்குத் தீர்வுக் குழுக்களையோ, நீக்கவிடாது காப்பதில் தாராளக் கட்சி அரசு உறுதியாக நின்றது. 2025-இல் அமெரிக்கா கனடாப் பண்டங்கள்மீது புதுவரி விதித்தபோது, மார்ச்சுத் திங்களில் அவ்வுடன்படிக்கையின் விதிகளுக்கு இசைந்த பண்டங்களுக்கு விலக்குக் கிடைத்தது. தன்னுரிமைக்குக் கேடு என அஞ்சப்பட்ட கருவியே அத்தன்னுரிமைக்கு ஓரளவு அரணாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 28 தேர்தலில் அக்கட்சி மீண்டும் ஆட்சியமைத்தது நாட்டின் தன்னுரிமையைக் காப்போம் என்னும் முழக்கத்தோடுதான்.

ஆகவே தாராளக் கட்சி மாறாது காத்த வாணிகக் கோட்பாடு ஒன்று இருந்தது எனக் கூறுதல் அரிது. மாறாது நின்றது வினாவே: பெரும் அண்டை நாட்டின் அருகே சிறு நாடு எங்ஙனம் தன் வாழ்வைத் தானே நடத்துவது? அதற்கு 1911-இல் ஒரு விடையும், 1988-இல் ஒரு விடையும், 2025-இல் ஒரு விடையும் எழுந்தன. கட்சிகளின் நிலையை ஆராயும் மாணவர், ஆதரித்தது, எதிர்த்தது என்னும் சொற்களோடு அமையாது, ஆவணத்தின் உள்ளீடு யாது, அன்று கைகொடுக்க மூன்றாமவர் எவரேனும் இருந்தனரா, மக்களிடம் கூறியதும் பின் செய்ததும் ஒன்றாயினவா என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். முதலிரு வினாக்களும் கட்சியின் மாற்றத்தை விளக்கும். மூன்றாவது, அதன் நேர்மையை அளக்கும்.